ஐம்பத்து மூன்றாம் வாசல்

கிளக்ஸ்விக் மீன் ஏலக்கூடம்.
இரவு இரண்டே கால்.
வெளியே காற்று, கப்பல் கயிறுகளை முறுக்கிப் பார்க்கிறது.
இரண்டாம் தராசு எங்கே என்று
கணினியைக் கேட்கிறேன்.
சட்டென்று பதில் வருகிறது,
தயக்கமே இல்லாமல்,
தப்பாக.

மூன்று நாளாய் இப்படித்தான்.
தராசு இடம் மாறி, எண் மாறி,
தலைமை அலுவலகப் பதிவேட்டிலும் திருத்தியாகிவிட்டது.
ஆனால் இந்த லினக்ஸ் பெட்டிக்குள்
எதுவோ சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு
பழைய விலாசத்தையே ஒப்பிக்கிறது.
எடை போட்ட காட் மீனெல்லாம்
ஆளில்லாத எண்ணுக்குப் போய்ச் சேர்கிறது.
படகுக்காரர்கள் என் பேரைச் சொல்லித்தான் திட்டுகிறார்கள்.

ஐம்பத்து மூன்றாம் வாசலில் நிற்பது யார் என்று பார்த்தேன்.
டிஎன்எஸ்மாஸ்க்.
நான் வைக்கவில்லை.
ஹானுஸ் வைத்திருப்பான்.
அவன் ஆல்போர்க் போய் நாலு வருஷம்.
அல்லது வேறெதையோ நிறுவியபோது
அதன் சட்டைப்பையில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும்.
கேட்பவர்க்கெல்லாம் ஊரும் பேரும் சொல்ல
இதை யார் நியமித்தது?

கொன்றேன்.
மறுநொடி வேறு எண்ணோடு எழுந்து உட்கார்ந்தது.
சரி, மரியாதையாகச் சொல்வோம் என்று
நிறுத்தும் கட்டளை கொடுத்தேன்.
நின்றது.
பெட்டியை அணைத்து எழுப்பினால்
எனக்கு முன்னால் வேலைக்கு வந்து நிற்கிறது.
பகல் ஷிஃப்டில் யாரிடமும் இல்லாத ஒழுங்கு.

ஆகவே தடை.
அதற்கும் மேலே முகமூடி:
யார் கூப்பிட்டாலும் எழாதபடி
பேரை வெறுமையோடு சேர்த்துக் கட்டிவிடும் கட்டளை.
பிறகு நீக்கம்.
ஆம் என்று ஒற்றை எழுத்து. எட்டு நொடி.

தலைமை அலுவலகத்தின் பேரைத் தட்டினேன்.
தெரியாது என்றது.
தராசு?
தெரியாது.
துறைமுக வானிலை?
தெரியாது.

துரத்தியது சரி.
ஆனால் யாரிடம் கேட்க வேண்டும் என்ற கோப்பில்
இன்னமும் இந்தப் பெட்டியின் சொந்த எண்ணே இருக்கிறது:
நூற்று இருபத்தேழு, சுழியம், சுழியம், ஒன்று.
காலி நாற்காலியிடம்
வழி கேட்டுக்கொண்டிருக்கிறது கணினி.

எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால்
எல்லாமே இருக்கின்றன.
கடலடிக் கம்பி அறுபடவில்லை.
கோபன்ஹேகன் பதினெட்டு மில்லி நொடியில்
இருக்கிறேன் என்கிறது.
பேர்கள் மட்டும்தான்
இரவோடு இரவாகக் கழன்று விழுந்திருக்கின்றன.

புதுப் பெயர்ச் சேவையின் எண்ணை
மாலையில் புறங்கையில் எழுதியிருந்தேன்.
கையுறைக்குள் வியர்த்துக் கரைந்து,
கடைசி இலக்கம் மூன்றா, எட்டா?
மூன்று போட்டேன். மௌனம்.
எட்டு.

தராசு தன் சரியான இடத்தைச் சொன்னது.
எழுந்து காபி ஊற்றப் போனேன்.

"தூரி!"
வாசலில் மோர்டன், தாடியில் பனித்துளி.
"குளிரறை லேபிள் மெஷின் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது."

அதற்குப் பேர் வைத்தது
நான் இப்போது துரத்தியதுதானாம்.
வேறு எந்தப் பதிவேட்டிலும் அது இல்லை.

பட்டியலைத் திறந்தேன்.
நீக்கிய பேருக்கு முன்னால் இரண்டு எழுத்து: ஆர், சி.
ஆள் போயாச்சு, காகிதம் கிடக்கிறது என்று பொருள்.
அந்தக் காகிதத்தில்
லேபிள் மெஷினின் எண் இருந்தது.
அதற்கு மேல் வரியில் இரண்டாம் தராசு.
பக்கத்தில் ஹானுஸின் குறிப்பு:
தற்காலிகம். செவ்வாய்க்கிழமை எடுத்துவிட வேண்டும்.

எந்தச் செவ்வாய் என்று எழுதவில்லை.

மெஷினின் எண்ணை மட்டும் பிரதியெடுத்துக்கொண்டேன்.
மிச்சக் காகிதத்தையும் துடைத்தேன்.
ஆர், சி, இரண்டும் போயின.
குளிரறையில் லேபிள்கள் கிழிபடும் சத்தம்.
ஹாடக், பன்னிரண்டு கிலோ. ஹாடக், பன்னிரண்டு கிலோ.

எண்ணைப் பதிவேட்டில் சேர்க்க
தலைமை அலுவலகம் திறக்க வேண்டும்.
அதுவரைக்கும் இந்தப் பெட்டியிலேயே ஒரு வரி.
பக்கத்தில் குறிப்பு எழுதினேன்: தற்காலிகம்.
செவ்வாய்க்கிழமை எடுத்துவிட வேண்டும்.

இன்று என்ன கிழமை என்று
மோர்டனைக் கேட்டேன்.
புதன் என்றான்.